முயல் சொன்ன பாடம்

மருந்துகளின் சரித்திரத்தைப் படிக்கும்போதெல்லாம், கதை எழுதிப் பிழைக்கிற எனக்குச் சற்றுப் பொறாமை உண்டாகும். அதில் வரும் திருப்பங்களை நான் எழுதினால் வாசகர்கள் நம்பமாட்டார்கள்.

சர்ப்பகந்தி என்ற நம் நாட்டுச் செடியையே பாருங்கள். அதன் வேர் சித்தப்பிரமையைத் தணிக்கும் என்று 1931இல் கல்கத்தா வைத்தியர்கள் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் எழுதினார்கள். 1952இல் ஸ்விட்ஸர்லாந்தின் ஸீபா கம்பெனியார் அந்த வேரிலிருந்து ரிஸர்பைன் என்ற சத்தைப் பிரித்தெடுத்தார்கள். இரண்டே வருஷங்களில் அது அமெரிக்க மனநோய் ஆஸ்பத்திரிகளுக்குப் போயிற்று. வெறி அடங்கியது, ஆனால், அடங்கியவர்களில் சிலருக்குக் கை நடுங்கியது, முகம் மரப்பாவைபோல் உறைந்தது. முதுமையில் வருகிற பார்க்கின்ஸன் நோயின் சாயல், மருந்தினாலேயே வந்துவிட்டது!

1957இல் ஸ்வீடனில் அர்விட் கார்ல்ஸன், ரிஸர்பைன் கொடுத்து முயல்களை அசையாமல் செய்தார். பிறகு டோப்பா என்ற பொருளை ஊசியாக ஏற்றினார். முயல்கள் எழுந்து நடமாடின! மூளையில் டோபமைன் வற்றினால் உடம்பு முடங்கும் என்பது அந்த ஆராய்ச்சியால் விளங்கிற்று. டோப்பாவே பின்னால் பார்க்கின்ஸன் நோய்க்கு மருந்தாயிற்று. 2000இல் கார்ல்ஸனுக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

கெடுதலே பாடம் சொல்லிக் கொடுத்தது, வாஸ்தவந்தான். ஆனாலும் அந்தப் பரிசைப் பற்றிப் படிக்கையில், காரணம் தெரியாமல் நடுங்கிய கைகள்தாம் என் கண்முன் வருகின்றன.