காகிதமும் கத்தரிக்கோலும்: வினோத் பிகாரி முகர்ஜியின் பிற்காலக் கலை



வண்ணத்தாளைக் கத்தரித்து, பசை தடவி ஒட்டிச் செய்யும் படத்தை ஒட்டுப்படம் என்கிறோம். எங்கள் திரிங்காப் வட்டாரத்துத் தோட்டப் பிள்ளைகளும் விரும்பிச் செய்கின்ற கைவேலை இது. ஆயினும் பெற்றோர் பலர் இதனைப் பொழுதுபோக்கு என்றே கருதுகின்றனர். தேர்வு நெருங்கினால் முதலில் கணக்குப் பாடத்துக்கு விட்டுக்கொடுக்கப்படுவதும் இந்தப் பாடவேளைதான். இந்தியாவின் தலைசிறந்த ஓவியர் ஒருவர், கண்ணொளி முழுவதும் போன பிறகு இந்த ஒட்டுப்படத்தையே நாடினார். அவர் வங்கத்தைச் சேர்ந்த வினோத் பிகாரி முகர்ஜி.

ஒட்டுப்படம் பெரிய கலைஞர்களின் கைக்கு வந்த கதையை முதலில் பார்ப்போம். 1912-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் பிராக், பிக்காசோ ஆகிய இருவரும் தங்கள் படங்களில் அச்சிட்ட தாள்களை ஒட்டத் தொடங்கினர். பின்னர், 1941-இல் பெரியதோர் அறுவைச் சிகிச்சைக்கு ஆளாகி உடல் தளர்ந்த மத்தீஸ் என்னும் ஓவியர், வண்ணம் தீட்டிய தாள்களைக் கத்தரித்தே பெரும் படைப்புகளைச் செய்தார். 2014-இல் இலண்டன் நகரில் நடைபெற்ற அவற்றின் கண்காட்சியை ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கண்டனர்.

மத்தீஸ் இழந்தது உடல் வலிமையை. வினோத் பிகாரி இழந்ததோ பார்வையை. பார்வை இல்லாதவர் படம் செய்வது எங்ஙனம்?

1904-இல் பிறந்த அவருக்கு இளமையிலேயே ஒரு கண் தெரியாது. மற்றதிலும் கிட்டப்பார்வை மிகுதி. 1919-இல் சாந்திநிகேதனத்துக் கலாபவனத்தில் சேர்ந்தார். இத்தகைய கண்ணுள்ளவருக்கு ஓவியம் ஏற்றதா என்று ஆசிரியர் நந்தலால் போஸ் ஐயுற்றபோது, மாணவருக்கு ஆர்வம் இருந்தால் படிக்க விடும்படி தாகூர் கூறினார். அந்த மாணவரே 1925-இல் அங்கு ஆசிரியரானார். பிற்காலத்தில் திரைப்பட மேதையான சத்யஜித் ராய் அவரிடம் பயின்றவர்.

1946, 47-ஆம் ஆண்டுகளில் சாந்திநிகேதனத்து இந்தி பவனத்தின் சுவர்களில் இடைக்கால அருளாளர்களின் வாழ்வை வினோத் பிகாரி வரைந்தார். நம் இராமானுசரும் கபீரும் அச்சுவரில் உள்ளனர். கண்ணிழந்த கவிஞர் என்று போற்றப்படும் சூர்தாசரும் இருக்கிறார். பத்தாண்டு கழித்து, கண் அறுவைச் சிகிச்சை பலனளிக்காமற் போகவே, ஓவியருக்கும் அதே நிலை வந்தது. அப்போது அவருக்கு வயது ஐம்பதுக்குச் சற்று மேல்.

அவர் சாந்திநிகேதனத்துக்குத் திரும்பி, கலை வரலாறு கற்பித்தார். கைகளும் ஓயவில்லை. மெழுகில் உருவங்கள் பிடித்தார். காகிதத்தை மடித்துப் பொம்மைகள் செய்தார். வண்ணத்தாள்களை வெட்டி ஒட்டினார்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்கவேண்டும். தூரிகையால் போட்ட கோடு காய்ந்துவிட்டால் விரலுக்குப் பெரிதும் தட்டுப்படாது. வெட்டிய தாளுக்கோ ஓரம் உண்டு. அதைத் தடவி, இது தோள், இது கை என்று அறியலாம். பசை இடும்முன் நகர்த்தியும் பார்க்கலாம். நிறத்தை மட்டும் விரல் அறியாது. அதைப் பிறர் சொல்லக் கேட்டே தெரிந்துகொள்ளவேண்டும். ஆனால் சிவப்பின் பக்கத்தில் மஞ்சள் எப்படித் தோன்றும் என்பதை முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட உழைப்பு அவர் உள்ளத்தில் பதித்திருந்தது. எனவே அவரைப் பார்த்து இரங்குவதைவிட, அந்தப் பயிற்சியை மதிப்பதே முறையாகும்.

1972-இல் அவர் காகிதத்தில் அமைத்த உருவங்கள் பீங்கான் ஓடுகளாகிக் கலாபவனத்துச் சுவரில் ஏறின. அதே ஆண்டில் ராய் தம் ஆசிரியரைப் பற்றி 'அகக்கண்' என்னும் பொருள்படும் ஆங்கிலத் தலைப்பில் ஓர் ஆவணப்படம் எடுத்தார். 1974-இல் பத்ம விபூஷண் விருது கிடைத்தது. 1980-இல் ஓவியர் மறைந்தார்.

2006-இல் புதுடில்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் அவருடைய நூற்றாண்டுக் கண்காட்சி நடைபெற்றது. பார்வை இருந்த காலத்துப் படைப்புகளும், இழந்த பின் செய்தவையும் அதில் இடம்பெற்றன. இரு காலங்களையும் ஒருசேர நோக்கினால், பின்னதை முன்னதன் தொடர்ச்சியாகவே காணலாம்.

ஆசிரியப் பெருமக்களே, பெற்றோரே! கரும்பலகை தெரியவில்லை என்று முன்வரிசைக்கு வரும் பிள்ளை நம் வகுப்புகளிலும் உண்டு. அப்பிள்ளையைக் கண் மருத்துவரிடம் காட்டுவது நம் கடமை. அதனோடு, கத்தரிக்கோல் பிடிக்கும் அந்த ஒரு பாடவேளையையும் அதற்குக் குறையாமல் கொடுத்துவிடுங்கள். ஐயத்துக்கு இடமான ஒரு மாணவரைத் தாகூர் படிக்கவிட்டதால் விளைந்த பயனை இன்று கண்டோம்.