பட்டமளிப்பு வாழ்த்து அட்டையும் சேதுநாட்டுப் பொற்கிழியும்

பட்டமளிப்பு விழா நெருங்கிவிட்டால் கல்லூரி மாணவர்களின் கைகளில் சார்ட் பேப்பரும் கத்தரிக்கோலும் வந்துவிடும். தடிமனான தாளை இரண்டாக மடித்து, உள்பக்கத்தில் சிறு துண்டுத் தாளை மூன்று ஓரங்களில் மட்டும் பசை தடவி ஒட்டினால் ஒரு பை கிடைக்கும். அதற்குள் கிஃப்ட் கார்டு. வெளியே கறுப்புத் தாளில் வெட்டிய பட்டமளிப்புத் தொப்பி, மஞ்சள் நூலில் ஒரு குஞ்சம். நான்கு வரி வாழ்த்து எழுதினால் அட்டை தயார்!

இது முழுக்க முழுக்க மேல்நாட்டு வழக்கம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கிஃப்ட் கார்டைப் பொறுத்தவரை அது சரியே. அமெரிக்கக் கடைகளில் 1990களின் நடுவில் பரவத் தொடங்கிய பொருள் அது. நம் ரிசர்வ் வங்கியும் 2021இல் வெளியிட்ட விதிகளில் அதற்கு 10,000 ரூபாய் உச்சவரம்பு வைத்தது. மறுபடி பணம் ஏற்ற முடியாது, ரொக்கமாக மாற்றவும் முடியாது என்றும் சொன்னது.

ஆனால் படித்தவரைப் பாராட்டும்போது எழுத்தையும் பொருளையும் சேர்த்துக் கொடுப்பது தமிழருக்குப் புதிதல்ல. அதிலும் ராமநாதபுரம், ராமேஸ்வரம் கடற்கரையில் அதற்கு ஒரு நீண்ட வரலாறே இருக்கிறது.

கிழி என்றால் துணி

பொற்கிழி என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். கிழி என்பது துணி. பொற்காசுகளைத் துணியில் முடிந்து கொடுப்பதால் அது பொற்கிழி. தருமிக்கு ஆயிரம் பொன் கிடைத்த திருவிளையாடல் கதை எல்லோருக்கும் தெரிந்ததே. தென் மாவட்டங்களில் கல்யாண வீட்டில் வைக்கும் பணத்துக்குச் 'சுருள்' என்றொரு பெயர் உண்டு. வெற்றிலைச் சுருளை நினைவூட்டும் சொல் அது. ஆக, பணத்தை வெறுங்கையால் நீட்டக் கூடாது, எதிலாவது பொதிந்துதான் கொடுக்க வேண்டும் என்பது பழைய மரியாதை.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்தில் எழுத்து ஒரு பக்கமிருந்து வந்தது, பொன் மறுபக்கமிருந்து வந்தது. புலவர் பாடுவார், புரவலர் கொடுப்பார். இன்றைய அட்டையிலோ வாழ்த்து எழுதுபவரும் பரிசு வைப்பவரும் ஒருவரே.

பொன் தேங்காய்

சேதுநாட்டை ஆண்ட சேதுபதிகள் புலவர்களைப் போற்றியதில் பெயர் பெற்றவர்கள். 17ஆம் நூற்றாண்டில் ரகுநாத சேதுபதி மீது அமிர்தகவிராயர் 'ஒருதுறைக் கோவை' பாடினார். தலைவி நாணிக் கண்ணை மூடிக்கொள்ளும் ஒரே ஒரு துறையை வைத்துக்கொண்டு 400 பாடல்கள்! ஒவ்வொரு பாடலுக்கும் சேதுபதி ஒரு பொன் தேங்காயை உருட்டினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை.

அதே நூற்றாண்டில் கீழக்கரையில் வாழ்ந்தவர் வள்ளல் சீதக்காதி. கடல் வணிகர், கிழவன் சேதுபதிக்கு நெருக்கமானவர். உமறுப்புலவர் சீறாப்புராணம் பாட ஊக்கம் கொடுத்தவரும் அவர்தான். அவர் இறந்த செய்தி தெரியாமல் பரிசு நாடி வந்த புலவர் அடக்கத்தலத்தில் நின்று அழுதாராம். உள்ளிருந்து மோதிரம் அணிந்த கை வெளியே நீண்டதாம். 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்ற பழமொழி இப்படிப் பிறந்தது.

கதையில் எவ்வளவு உண்மை என்பது இருக்கட்டும். பொன் தேங்காயும் இல்லை, மோதிரமும் இல்லை. கோவையும் பழமொழியும் இருக்கின்றன. வணிகவியல் மொழியில் சொன்னால், பொருள் செலவுக் கணக்கில் போய்விட்டது, எழுத்து இருப்புக் கணக்கில் நின்றுவிட்டது.

தங்கப் பேழைக்குள் ஒரு மடல்

இன்றைய அட்டைக்கு மிக அருகில் வரும் நிகழ்ச்சி 1897இல் நடந்தது. 1893இல் சிகாகோ சென்ற விவேகானந்தர், மேல்நாட்டுப் பயணம் முடித்து இலங்கை வழியாகத் திரும்பினார். ஜனவரி 26ஆம் தேதி பாம்பனில் இறங்கினார். வரவேற்றவர் ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி. சில நாட்களில் ராமநாதபுரத்தில் நடந்த கூட்டத்தில் மன்னரின் தம்பி தினகர சேதுபதி வரவேற்பு மடலை வாசித்தார். பிறகு அந்த மடல் வேலைப்பாடு மிகுந்த தங்கப் பேழையில் வைத்து வழங்கப்பட்டது.

இன்று தாளுக்குள் பரிசை வைக்கிறோம். அன்று பரிசுக்குள் தாளை வைத்தார்கள்!

அந்தக் கூட்டம் பேழையோடு முடியவில்லை. நாட்டில் பஞ்சம் வாட்டிய காலம் அது. விவேகானந்தர் வருகையின் நினைவாக, சென்னை மாகாணப் பஞ்ச நிவாரண நிதிக்குப் பொதுமக்களிடம் பணம் திரட்டலாம் என்று மன்னர் அங்கேயே முன்மொழிந்தார். பாராட்டுக்கென்று கூடிய கூட்டம் பசித்தவர்களையும் நினைத்தது என்பது குறிப்பிடத்தக்கது. வரவேற்பு மடலின் வாசகம் அவருடைய சொற்பொழிவுத் தொகுப்பில் அச்சாகி இன்றும் வாசிக்கப்படுகிறது.

அட்டை இல்லாத பரிசு

இதுவரை பார்த்தவை எல்லாம் படித்து முடித்தவருக்குக் கிடைத்த பரிசுகள். அதே கடற்கரையில், படிக்கத் தொடங்கும்போதே கிடைத்த ஒரு பரிசும் உண்டு.

ராமேஸ்வரத்தில் படகு வைத்திருந்த ஜைனுலாப்தீனின் மகன் அப்துல் கலாம். ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளியிலும் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியிலும் படித்தார். 1950களின் நடுவில் சென்னை தொழில்நுட்பக் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஆனால் சேர்வதற்கு ஏறக்குறைய 1,000 ரூபாய் வேண்டும். அந்தக் குடும்பத்துக்கு அது பெரிய தொகை. அவருடைய அக்கா ஜோஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் கொடுத்தார். அவற்றைத் தன் சொந்தச் சம்பாத்தியத்தில் மீட்பேன் என்று தம்பி உறுதி எடுத்துக்கொண்டார்.

அந்தப் பரிசுக்குத் துணியும் இல்லை, பேழையும் இல்லை, வாழ்த்து வரியும் இல்லை. அதை எழுதியவர் பெற்றுக்கொண்டவர்தான். 1999இல் வெளிவந்த 'அக்னிச் சிறகுகள்' தன்வரலாற்றில் கலாம் இதைப் பதிவு செய்தார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து அக்காவுக்குப் போய்ச் சேர்ந்த நன்றி மடல் என்றே அந்தப் பக்கத்தைச் சொல்லலாம். கல்யாண வீட்டில் ஐம்பது ரூபாய் வைத்தால்கூட மொய் நோட்டில் பெயர் ஏறுகிறது. கல்லூரிக் கட்டணத்துக்காக அடகுக் கடை ஏறிய நகைகளுக்கு எந்த வீட்டிலும் நோட்டு இல்லை. பிள்ளைகள் எழுதினால்தான் உண்டு.

ஆகவே பட்டமளிப்பு அட்டை செய்யும் நண்பர்களுக்கு இரண்டு யோசனைகள். முதலாவது, உள்ளே வைக்கும் கார்டின் மதிப்பைவிட, எழுதும் நான்கு வரிகளுக்கு அதிக நேரம் கொடுங்கள். கார்டு ஒரு நாளில் தீர்ந்துவிடும். இரண்டாவது, பட்டம் வாங்குபவருக்கு ஒரு அட்டை செய்யும்போது, அதே சார்ட் பேப்பரில் இன்னொன்றும் வெட்டி அவர் கையில் வெறுமையாகக் கொடுங்கள். கட்டணம் கட்டிய அக்காவுக்கோ, அப்பாவுக்கோ, சித்தப்பாவுக்கோ அவரே எழுதிக்கொள்ளட்டும்!