பல் அகற்றல்

பல் அகற்றல் என்பது தாடை எலும்பின் குழியிலிருந்து ஒரு பல்லை வேரோடு வெளியே எடுக்கும் சிகிச்சை. பேச்சு வழக்கில் பல் பிடுங்குதல், பல் எடுத்தல் என்பார்கள். பல் எலும்போடு எலும்பாக ஒட்டி வளர்ந்ததல்ல. வேருக்கும் குழியின் சுவருக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டரில் கால் பங்கு அளவே அகலமுள்ள இழைநார்ப் படலம் இருக்கிறது; பல்லைத் தாங்கி நிற்பது அதுதான். அந்த நாரை அறுத்து, குழியைச் சற்றே விரித்து, பல்லை விடுவிப்பதே சரியான முறை. மாடு கட்டிய முளையை எடுப்பவர் நாலு பக்கமும் ஆட்டித் தளர்த்திய பிறகுதானே இழுப்பார்? இதை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள். இடையில் நெடுங்காலம் அது மறந்துபோனதால் உடைந்த தாடைகளும் கிழிந்த ஈறுகளும் ஏராளம்.

பழைய முறைகள்

பல்லுக்குள் புழு குடியிருப்பதால்தான் வலிக்கிறது என்ற நம்பிக்கை மெசொப்பொத்தேமியாவின் களிமண் பலகைகளிலேயே காணப்படுகிறது. தமிழ்நாட்டில் கண்டங்கத்தரி விதையைச் சுட்டு அதன் புகையை வாயில் பிடிக்கும் வைத்தியமும் புழுவை வெளியேற்றுவதற்காகவே செய்யப்பட்டது. பிரெஞ்சு மருத்துவர் பியேர் ஃபோஷார் 1728-இல் வெளியிட்ட பல் மருத்துவ நூலில் இந்தப் புழுக் கொள்கையை மறுத்தார்.

கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியரான செல்சஸ் எழுதிய மருத்துவ நூலில் உள்ள பகுதி இன்று படித்தாலும் வியப்பளிக்கும். பல்லைச் சுற்றி ஈற்றை முழுவதும் விலக்க வேண்டும். பல் தளரும்வரை அசைக்க வேண்டும். முடிந்தால் கையாலேயே எடுக்க வேண்டும், முடியாவிட்டால்தான் குறடு. சொத்தை பெரிதாக இருந்தால் குறட்டின் பிடியில் பல் நொறுங்காதபடி முதலில் அந்த ஓட்டையை ஈயத்தால் அடைக்கச் சொல்கிறார். எடுத்த இடத்தில் இரத்தம் மிகுதியாக வந்தால் எலும்பு உடைந்திருக்கலாம் என்று எச்சரிக்கிறார். உறுதியாக நிற்கும் மேல்பல்லைப் பிடுங்கினால் நெற்றிப்பொட்டும் கண்ணும் அதிரும் என்ற அச்சமும் அவரிடம் உண்டு. மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் தடுப்பதைப் பார்க்கும்போது, இந்தப் பயம் எவ்வளவு பழையது என்று தெரிகிறது. பார்வைக்கான நரம்பு தனி. மேல்பற்களுக்குச் செல்லும் நரம்பு வேறு. மேல் கடைவாய்ப் பல் எடுக்கும்போது மருத்துவர் உண்மையில் கவனிக்க வேண்டியது கண்ணை அல்ல, வேர்களுக்கு மிக அருகே மேல்தாடை எலும்புக்குள் இருக்கும் காற்றறையை.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயினின் கோர்தோபாவில் வாழ்ந்த அல்-சஹ்ராவி, பல் கருவிகளைப் படம் வரைந்தே விளக்கினார். வலி இடம் மாறித் தெரியும், நோயாளி நல்ல பல்லைக் காட்டி இதுதான் என்பார், ஆகவே எது கெட்ட பல் என்று உறுதி செய்யாமல் கை வைக்காதீர்கள் என்றார். இன்றைய பல் மருத்துவக் கல்லூரியிலும் மாணவருக்குச் சொல்லப்படும் அறிவுரை இது. வேரை உள்ளேயே உடைத்துவிட்டுப் போகும் நாவிதர்களையும் அவர் கடுமையாகக் கண்டித்தார்.

ஆனால் அவருக்குப் பிறகும் ஐரோப்பாவில் நாவிதர்களும் சந்தை வித்தைக்காரர்களுமே பல் பிடுங்கி வந்தார்கள். பறவையின் அலகு போல் இருந்ததால் 'பெலிக்கன்' எனப்பட்ட கருவியும், 18-ஆம் நூற்றாண்டில் அதன் இடத்தைப் பிடித்த 'பல் சாவி'யும் பல்லைப் பக்கவாட்டில் புரட்டி எடுப்பவை. சாவியின் கொக்கியைப் பல்லில் மாட்டிப் பூட்டைத் திறப்பதுபோல் திருகுவார்கள். பல் வந்துவிடும், சில சமயம் பக்கத்துப் பல்லும் தாடைத் துண்டும் சேர்ந்தே வரும். பாரிஸின் போன் நெஃப் பாலத்தில் 'பெரிய தோமா' என்று பெயர் பெற்ற பல் பிடுங்குபவர் கூட்டம் சேர்த்துத் தொழில் நடத்தினார். அரண்மனையிலும் அச்சம் குறைவில்லை. 1578-இல் பல்வலியால் துடித்த இங்கிலாந்து அரசி முதலாம் எலிசபெத் பிடுங்கிக்கொள்ளத் தயங்கியபோது, வயது முதிர்ந்த பிஷப் ஜான் அய்ல்மர், வலி தாங்கக்கூடியதுதான் என்று காட்ட அவர் கண்ணெதிரே தம் பல் ஒன்றைப் பிடுங்கச் செய்தார். அதன் பிறகே அரசி இணங்கினார்.

1841-இல் லண்டன் மருத்துவர் ஜான் டோம்ஸ், ஒவ்வொரு வகைப் பல்லின் கழுத்துக்கும் பொருந்தும்படி வடிவமைத்த குறடுகளை அறிமுகப்படுத்தினார். அவற்றைச் செய்து கொடுத்தவர் எவ்ரார் என்ற பிரெஞ்சுக் கருவி செய்பவர். பல்லைத் திருகிப் பெயர்க்காமல் பிடித்து அசைத்து எடுக்கும் முறை அப்போதுதான் நிலைபெற்றது. இன்று பல் மருத்துவரின் தட்டில் இருக்கும் குறடுகள் அவற்றின் நேர் வாரிசுகள்.

வலி நீக்கம்

அறுவை மருத்துவம் முழுமைக்கும் மயக்க மருந்தைக் கொடுத்தவர்கள் பல் பிடுங்கியவர்கள்தான். 1844 டிசம்பர் 10 அன்று அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் கார்ட்னர் கோல்டன் என்பவர் சிரிப்பு வாயுவைக் காட்சிப்பொருளாக்கி ஒரு நிகழ்ச்சி நடத்தினார். வாயுவை முகர்ந்த ஓர் இளைஞர் காலில் அடிபட்டும் வலியே உணராததைப் பார்வையாளராக இருந்த பல் மருத்துவர் ஹொரேஸ் வெல்ஸ் கவனித்தார். மறுநாளே வாயுவை முகர்ந்து, தம் கடைவாய்ப் பல்லைச் சக மருத்துவர் ஜான் ரிக்ஸிடம் பிடுங்கக் கொடுத்தார். வலிக்கவில்லை. அடுத்த மாதம் பாஸ்டனில் மருத்துவ மாணவர்கள் முன் செய்து காட்டியபோது வாயு போதாமல் நோயாளி கத்திவிட, வெல்ஸ் ஏமாற்றுக்காரர் என்று எள்ளி விரட்டப்பட்டார். அவரிடம் பயின்ற வில்லியம் மார்ட்டன் 1846 செப்டம்பர் 30 அன்று ஈதர் கொடுத்து வலியின்றிப் பல் எடுத்தார். அக்டோபர் 16 அன்று பாஸ்டன் மருத்துவமனையில் ஈதர் மயக்கத்தில் நடந்த அறுவை உலகப் புகழ் பெற்றது. மனம் உடைந்து, குளோரோஃபார்ம் பழக்கத்துக்கும் ஆளான வெல்ஸ் 1848 ஜனவரியில் நியூயார்க் சிறையில் உயிரை மாய்த்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 33. வலியில்லாமல் பல் எடுத்துக்கொள்ளும் ஒவ்வொருவரும் இந்த மனிதருக்குக் கடன்பட்டவர்கள்.

ஆளையே மயக்காமல் இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்யும் வழி 1884-இல் வந்தது. வியன்னாவில் கண் மருத்துவர் கார்ல் கோலர் கண் அறுவைக்குக் கொகெயினைப் பயன்படுத்திக் காட்ட, நியூயார்க்கில் அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டட் அதைக் கீழ்த்தாடை நரம்பருகே ஊசியாகச் செலுத்தினார். கொகெயின் அடிமைப்படுத்தும் மருந்து. ஹால்ஸ்டட்டே அதில் சிக்கினார். பிறகு நோவொகெயினும், ஸ்வீடனில் வேதியியலாளர் நில்ஸ் லோஃப்கிரென் 1943-இல் உருவாக்கிய லிடொகெயினும் வந்தன. இன்றும் பல் மருத்துவர் போடும் மரத்துப்போகும் ஊசி பெரும்பாலும் லிடொகெயின்தான். இரத்தக் குழாய்களைச் சுருக்க அதில் சிறிதளவு அட்ரினலின் சேர்ந்திருக்கும்.

வலி போனதும் தேவையில்லாமல் பிடுங்குவதும் பெருகியது. 1910-இல் பிரிட்டிஷ் மருத்துவர் வில்லியம் ஹன்டர் வாயிலுள்ள சீழே உடலின் பல நோய்களுக்கு மூலம் என்று பேசியதைத் தொடர்ந்து, காப்பாற்றியிருக்கக்கூடிய பற்கள் பெருமளவில் எடுக்கப்பட்டன. நியூஜெர்சியின் டிரென்டன் மனநல மருத்துவமனையில் ஹென்றி காட்டன் என்ற மருத்துவர், மனநோய் தீரும் என்று நோயாளிகளின் பற்களை வரிசையாகப் பிடுங்கினார். பல் மருத்துவ வரலாற்றின் மிக வருந்தத்தக்க பகுதி இது.

இந்தியாவில்

அமெரிக்காவில் படித்துத் திரும்பிய ரஃபியுதீன் அகமது 1920-இல் கல்கத்தாவில் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். சென்னையில் மருத்துவக் கல்லூரியின் பல் மருத்துவப் பிரிவு 1953-இல் ஏற்பட்டது. பட்டம் பெற்றவர்கள் அரிதாக இருந்த அந்தக் காலத்தில், சீனாவின் ஹூபெய் பகுதியிலிருந்து வந்த குடும்பங்கள் கல்கத்தா, சென்னை போன்ற நகரங்களில் பல் மருத்துவமனை நடத்தின. தந்தையிடம் மகன் கற்றுக்கொண்ட தொழில் அது. 1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம், பட்டமில்லாமல் பல ஆண்டுகள் தொழில் செய்தவர்களைத் தனிப் பிரிவில் பதிவு செய்ய இடம் தந்தது.

புண் ஆறுதல்

பல் எடுத்த குழி உடனே இரத்தத்தால் நிரம்பி உறைகிறது. இந்த உறைவுதான் எல்லாமே. அடியில் திறந்து கிடக்கும் எலும்பையும் நரம்பு நுனிகளையும் மூடுவதும், புதுத் திசு வளரத் தளமாவதும் அதுவே. அதனால்தான் மருத்துவர் பஞ்சை வைத்து அரை மணி முதல் முக்கால் மணி நேரம் அழுத்திக் கடிக்கச் சொல்கிறார். எச்சிலில் சிவப்பைக் கண்டதும் பலரும் துப்பிக்கொண்டே இருப்பார்கள்; துப்பும் வேகத்தில் உறைவு பெயர்ந்து இரத்தக் கசிவு நீளும். விழுங்கிவிடுவதே நல்லது. முதல் நாள் வாய் கொப்பளிப்பது, ஸ்ட்ரா வைத்து உறிஞ்சுவது, சூடான காபி, பீடி சிகரெட், வெற்றிலை பாக்கு எதுவும் கூடாது. கன்னத்தின் மேல் விட்டுவிட்டு ஐஸ் ஒத்தடம் கொடுக்கலாம். மரப்பு நீங்கச் சில மணி நேரம் ஆகும். அதற்குள் சாப்பிட்டால் உதட்டையும் நாக்கையும் கடித்துக்கொள்ள நேரிடும், குழந்தைகள் குறிப்பாக. மரப்பு போன பின் ஆறிய, குழைந்த தயிர் சோறு போதும். மறுநாள் முதல் வெதுவெதுப்பான உப்பு நீரால் மெல்லக் கொப்பளிக்கலாம்.

வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். மாறாக இரண்டு மூன்று நாள் கழித்துக் காது வரை இழுக்கும் வலி கிளம்பி, வாய் நாறி, குழி வெறுமையாகத் தெரிந்தால் உறைவு கரைந்துவிட்டது என்று பொருள். 'உலர் குழி' எனப்படும் இந்த நிலையை 1896-இல் கிராஃபோர்ட் என்ற பல் மருத்துவர் விவரித்தார். உறைவை உடலின் நொதிகளே கரைத்துவிடுகின்றன என்று 1973-இல் பிர்ன் என்ற ஆய்வாளர் விளக்கினார். கீழ் ஞானப்பல் எடுத்தவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் இது அதிகம். குழியைக் கழுவிக் கிராம்பு எண்ணெயின் சாரமான யூஜெனால் கலந்த மருந்தை வைத்தால் வலி விரைவில் தணியும். சீழ், காய்ச்சல், விழுங்க முடியாத வீக்கம் வந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடும் இதய நோயாளிகள் அதைத் தாமாக நிறுத்துவது பல் எடுப்பதைவிட ஆபத்தானது. இன்று பெரும்பாலும் மருந்தை நிறுத்தாமலே, தையலும், ஜப்பானிய மருத்துவர் உட்டாகோ ஒகாமோட்டோவும் அவர் கணவரும் 1962-இல் கண்டறிந்த டிரானெக்ஸாமிக் அமிலமும் கொண்டு இரத்தத்தைக் கட்டுப்படுத்துகிறார்கள். எலும்புத் தேய்வுக்கு பிஸ்பாஸ்போனேட் மருந்து எடுப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். 2003-இல் தாடை அறுவை மருத்துவர் ராபர்ட் மார்க்ஸ் கவனப்படுத்தியபடி, அவர்களில் சிலருக்குத் தாடை எலும்பு ஆறாமல் பட்டுப்போகிறது.

ஈறு சில வாரங்களில் மூடிவிடும். குழிக்குள் எலும்பு நிரம்பச் சில மாதங்கள் பிடிக்கும். ஆனால் வேர் இல்லாத இடத்தில் தாடையின் மேடு முதல் ஆண்டிலேயே அகலத்தில் ஏறக்குறையப் பாதி சுருங்கிவிடுகிறது. செயற்கைப் பல்லோ உள்வைப்போ பொருத்த எண்ணுபவர் பல் எடுக்கும் நாளிலேயே அது பற்றி மருத்துவரிடம் பேசிவிடுவது நல்லது. சில வேளைகளில் குழிக்குள் எலும்புத் துகள் நிரப்பி அந்தச் சுருக்கத்தைக் குறைக்க முடியும்.