பாகப் பட்டியலில் பரப்பளவு

கேட் (CAD) மென்பொருளில் வரைந்த டிராயிங்கில், தலைப்புக் கட்டத்துக்கு மேலே வரும் அட்டவணைக்குப் பார்ட்ஸ் லிஸ்ட் அல்லது பாகப் பட்டியல் என்று பெயர். பாக எண், விவரம், மூலப்பொருள், எண்ணிக்கை, எடை ஆகியவை அதில் வழக்கமாக இருக்கும். தகடு, காப்புப் போர்வை, பெயிண்ட் போன்றவற்றுக்கு எண்ணிக்கை போதாது. எத்தனை சதுர மீட்டர் என்பதும் தெரிய வேண்டும். அதற்கென்று சேர்க்கும் பத்தியே பரப்பளவுப் பத்தி. சேர்ப்பது எளிது. அதில் எந்தப் பரப்பைப் போடுவது என்பதில்தான் சண்டையே வருகிறது.

திருச்சியில் டன் கணக்கு

இந்தச் சண்டைக்குத் திருச்சி நல்ல எடுத்துக்காட்டு. அங்கே திருவெறும்பூரில் பாரத மிகுமின் நிறுவனத்தின், ஊர்ப்பேச்சில் ‘பெல்’லின், உயரழுத்தக் கொதிகலன் ஆலை 1965-இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதைச் சார்ந்து துவாக்குடி, மாத்தூர்ப் பக்கங்களில் ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் பெருகின. கொதிகலன் என்றால் டிரம்மும் டியூபும் மட்டுமல்ல. காற்றும் புகையும் போகும் டக்ட், சாம்பல் விழும் ஹாப்பர், ஏறி நடக்கும் பிளாட்ஃபாரம், எல்லாவற்றையும் தாங்கும் தூண்கள் என்று தகட்டு வேலையே மலைபோல இருக்கும்.

இந்த வேலைக்கு எடைதான் அளவுகோல். உருக்கு வேலையை எடையில் அளக்க வேண்டும் என்றே ஐ.எஸ். 1200 தரநிலையின் 8-ஆம் பகுதியும் சொல்கிறது. எடையும் பரப்பிலிருந்துதான் பிறக்கிறது: 1 மி.மீ. தடிமனுள்ள உருக்குத் தகடு சதுர மீட்டருக்கு 7.85 கிலோ. 6 மி.மீ. என்றால் 47.1 கிலோ. 6300 × 1500 மி.மீ. அளவுள்ள ஒரு பிளேட் 9.45 ச.மீ., அதாவது ஏறக்குறைய 445 கிலோ. ஸ்டோர்ஸில் பிளேட்டை எண்ணித் தருகிறார்கள், பில்லில் கிலோ போடுகிறார்கள். நடுவில் இருக்கும் சதுர மீட்டர் யார் கண்ணிலும் படுவதில்லை.

மூன்று பரப்புகள்

8 மி.மீ. தகட்டில் வெட்டிய கசெட் (மூலை இணைப்புத் தகடு) ஒன்றை எடுத்துக்கொள்வோம். செங்கோண முக்கோணம், செங்கோணத்தை அடுத்த இரு பக்கமும் 300 மி.மீ. மொத்தம் 40 கசெட் வேண்டும்.

முகத்தின் நிகரப் பரப்பு 0.045 ச.மீ.; 40-க்கு 1.8 ச.மீ., 113 கிலோ. முக்கோணத்தைச் சுற்றிப் போட்ட சதுரத்தின் பரப்பு 0.09 ச.மீ.; 40-க்கு 3.6 ச.மீ., 226 கிலோ. இரு முகங்களும் ஓரங்களும் சேர்ந்த முழு மேற்பரப்பு 0.098 ச.மீ.; 40-க்கு சுமார் 3.93 ச.மீ.

முதல் எண் எடைக்கு, இரண்டாவது கொள்முதலுக்கு, மூன்றாவது பெயிண்டுக்கு. மூன்றுக்கும் ‘பரப்பு’ என்று ஒரே தலைப்பைப் போட்டால் டிராயிங் அலுவலகமும் ஸ்டோர்ஸும் பெயிண்டரும் ஆளுக்கொரு கணக்கோடு நிற்பார்கள். இரண்டாவது எண்ணும் முழு உண்மையல்ல. இரண்டு முக்கோணங்களைத் தலைமாற்றி வைத்தால் ஒரே சதுரத்தில் அடங்கிவிடும்; பாகங்களைத் தகட்டில் நெருக்கி அடுக்கிப் பார்க்கும் நெஸ்டிங் போட்ட பிறகுதான் தகட்டின் உண்மையான தேவை தெரியும். தகட்டைக் கொடுத்து வேலையை மட்டும் வெளியில் விடும் முறையில், பயன்பட்டது எவ்வளவு, துண்டாகத் திரும்பியது எவ்வளவு என்று பட்டறை கணக்குக் காட்ட வேண்டும். அங்கே இந்த வித்தியாசம் நேரே காசு.

மென்பொருளில் வரவழைப்பது

ஆட்டோகேடில் மூடிய பாலிலைனின் பரப்பை ‘ஃபீல்டு’ மூலம் அட்டவணைக் கட்டத்துக்குள் கொண்டுவரலாம். மி.மீ.யில் வரைந்திருந்தால் விடையும் சதுர மி.மீ.யில் வரும், அதை 10 லட்சத்தால் வகுக்க, மாற்றுக் காரணியாக 0.000001 கொடுக்க வேண்டும்.

ஆட்டோடெஸ்க் இன்வென்டரில் ஒவ்வொரு பாகத்துக்கும் ‘பேஸ் குவான்டிட்டி’ என்றொரு அமைப்பு உண்டு. இயல்பில் அது ‘ஈச்’, அதாவது ஒன்று இரண்டு என்று எண்ணும். அதற்குப் பதிலாகப் பரப்பு அலகுள்ள ஒரு பாராமீட்டரைக் காட்டினால், அதையும் பாகங்களின் எண்ணிக்கையையும் பெருக்கி மொத்தச் சதுர மீட்டரைப் பட்டியல் தரும். ரப்பர் ஷீட், காப்புப் போர்வை போல வாங்கி வெட்டிப் போடும் பொருள்களுக்கு இது கச்சிதம். கசெட்டுக்குச் செய்தால் வம்பு. ஃபிட்டருக்கு வேண்டிய ‘40’ மறைந்து ‘1.8’ மட்டும் நிற்கும். அத்தகைய பாகங்களுக்கு எண்ணிக்கையைத் தொடாமல், பரப்புக்குத் தனிப் பத்தி வைப்பதே சரி. பாகத்தின் மேற்பரப்பைப் பாராமீட்டருக்குள் எழுத இன்வென்டருக்குள் எழுதும் ஐலாஜிக் விதி ஒன்று தேவைப்படும். மாடல் மாறும்போதெல்லாம் அந்த விதி ஓடாவிட்டால் பட்டியலில் பழைய எண்ணே இருக்கும். சாலிட்வொர்க்ஸின் ஷீட் மெட்டல் கட் லிஸ்ட், பாகத்தைச் சுற்றிப் போட்ட செவ்வகத்தின் பரப்பைத் தானே தருகிறது.

தசமத்திலும் கவனம் வேண்டும். 0.045-ஐ முதலிலேயே 0.05 என்று முழுமையாக்கிப் பெருக்கினால் 1.8 ச.மீ. என்பது 2.0 ஆகிவிடும். பெருக்கிய பிறகே முழுமையாக்க வேண்டும்.

பெயிண்டும் துத்தநாகமும்

பெயிண்ட் கணக்குக்கு ஒரு சூத்திரம் போதும்: கன அளவிலான திடப்பொருள் சதவீதத்தைப் பத்தால் பெருக்கி, உலர்ந்த படலத்தின் மைக்ரானால் வகுத்தால், ஒரு லிட்டர் எத்தனை ச.மீ.க்கு வரும் என்று தெரியும். 60 சதவீதத் திடப்பொருளும் 75 மைக்ரான் படலமும் என்றால் 8 ச.மீ. நம் 40 கசெட்டுக்கு ஒரு கோட்டுக்கு அரை லிட்டர். காற்றில் சிதறுவது தனி. முக்குளிப்புத் துத்தநாகப் பூச்சானால், 5 மி.மீ.யும் அதற்கு மேலும் தடிமனுள்ள கட்டமைப்பு உருக்குக்கு ஐ.எஸ். 4759 கேட்பது சதுர மீட்டருக்கு 610 கிராம். 40 கசெட்டின் மேல் சுமார் 2.4 கிலோ துத்தநாகம் உட்கார வேண்டும்.

பாகங்களின் மேற்பரப்புகளைக் கூட்டிவரும் தொகை, அவற்றைப் பற்றவைத்துச் சேர்த்த அசெம்ப்ளியின் வெளிப்பரப்பைவிட எப்போதும் கூடுதலாகவே இருக்கும். ஒன்றோடொன்று ஒட்டிய முகங்களில் பிரஷ் போகாது. உராய்வுப் பிடிப்பை நம்பும் போல்ட் இணைப்புகளில் முகத்துக்குச் சாதாரணப் பெயிண்ட் அடிக்கக் கூடாது.

சூடேறும் பரப்பு

கொதிகலன் ஊரில் ‘பரப்பு’ என்றதும் பலருக்கு முதலில் நினைவு வருவது வேறு. 1923-ஆம் ஆண்டு இந்தியக் கொதிகலன் சட்டத்தையொட்டி 1950-இல் வந்த விதிமுறைகள், கொதிகலனின் அளவையே சூடேறும் பரப்பால், அதாவது தீயும் சூடான புகையும் படும் பரப்பால், குறித்தன. பதிவுக் கட்டணமும் அதைப் பொறுத்தே இருந்தது. 51 மி.மீ. வெளிவிட்டமுள்ள 10 மீட்டர் டியூபின் வெளிப்பரப்பு 1.6 ச.மீ. இது பெயிண்ட் பத்தியில் கலந்துவிடக் கூடாத எண்.

மாடல் இல்லாத இடங்கள்

1928-இல் திறந்து, 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் தூண்கள் சரிந்த பழைய கொள்ளிடம் இரும்புப் பாலம் போன்றவற்றைக் கட்டிய காலத்தில் முப்பரிமாண மாடல் கிடையாது. அப்படிப்பட்ட வேலைகளில் ஒவ்வொரு உறுப்பின் குறுக்குவெட்டுச் சுற்றளவை நீளத்தால் பெருக்கியே பெயிண்ட் பரப்பு எடுப்பார்கள். 200 மி.மீ. ஐ-பீமுக்கு மீட்டருக்குச் சுமார் 0.78 ச.மீ. வரும். கட்டட வேலைகளில் அதுவும் வேண்டாம். சாதாரண நீள அகலப் பரப்பை ஒரு குணகத்தால் பெருக்கிவிடுவது வழக்கம். நெளிதகட்டுக்கு 1.14, மடக்கு கேட்டுக்கு 1.5.

ஸ்ரீரங்கத்துக் கோபுரங்கள்போலச் சுதை வேலைப்பாடு நிறைந்த பரப்புக்கு லேசர் ஸ்கேன் செய்து முக்கோண வலையாக மாற்றினால் கேட் மென்பொருள் ஒரு பரப்பளவைக் கொடுக்கும். ஆனால் வலையை எவ்வளவு நுணுக்கமாகப் பின்னுகிறோமோ அவ்வளவுக்கு விரலும் நகையும் மடிப்பும் கணக்கில் சேர்ந்து பரப்பு கூடிக்கொண்டே போகும். அதனால் அங்கே சதுர மீட்டரோடு வலையின் நுணுக்க அளவையும் பட்டியலில் எழுதுவது அவசியம்.