முறிந்த அச்சு

உலகை 24 நேர வலயங்களாகப் பிரிக்கும் யோசனையை சான்ட்ஃபோர்ட் பிளெமிங் 1879இல் முன்வைத்தது நாங்கள் வாழும் ரொறன்ரோவில்தான். அவரை நகரம் மறக்கவில்லை. மணிக்கூட்டை ஓடவைக்கும் கைகளை யார் நினைக்கிறார்கள்?

அந்தக் கைகளின் வரலாற்றில் அகதிகளுக்கும் பங்குண்டு. 16ஆம் நூற்றாண்டில் மதக் கொடுமைக்குத் தப்பி ஜெனீவா சேர்ந்த பிரெஞ்சு புரட்டஸ்தாந்தியர், மணிக்கூட்டுத் தொழிலையும் கூடவே கொண்டுபோனார்கள். 1601இல் அங்கே மணிக்கூட்டுக் கைவினைஞர் சங்கம் அமைந்தது. 1685இன் பின் அடுத்த அகதி அலை வந்தது.

1969இல் ஜப்பானின் சைக்கோ நிறுவனம் குவார்ட்ஸ் கைமணிக்கூட்டை விற்பனைக்கு விட்டது. பின்வந்த ஆண்டுகளில் சுவிஸ் தொழிற்சாலைகள் பல மூடின; பழைய மணிக்கூடுகள் பலவற்றுக்குப் பாகங்கள் அரிதாயின.

இன்று ஊரிலிருந்து வந்த அப்பாவின் மணிக்கூடு விழுந்து, உள்ளே ஊசலாடும் சில்லின் அச்சு முறிந்தால், புதிதாய்ச் செய்யவேண்டி வரலாம். உருக்கைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்து, நீலம் படரும்வரை மீண்டும் சூடாக்கி, சிறு கடைசல் இயந்திரத்தில் கடையவேண்டும். முனையின் தடிப்பு மில்லிமீற்றரில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு. முறையைப் புத்தகம் சொல்லும். எவ்வளவு அழுத்துவதென்பதைப் பக்கத்தில் நிற்கும் ஆசான்தான் கைக்குச் சொல்லவேண்டும்.

அந்த ஆசானின் பக்கத்தில் நிற்க, எங்கள் பிள்ளைகளில் ஒருவரையாவது அனுப்புவோமா?