முதியோர் டயாபர் வந்த கதை



தோட்டத்துக் கோயிலில் திருவிழா. வீட்டில் எல்லாரும் புறப்பட்டுவிட்டார்கள். பாட்டி மட்டும், “எனக்குக் கால் வலி, நீங்கள் போய் வாருங்கள்” என்கிறார். உண்மையில் அவருக்குக் கால் வலி இல்லை. சிறுநீரை அடக்க முடியவில்லை. கூட்டத்தில் சேலை நனைந்துவிடுமோ என்ற அச்சம். அதற்காகவே காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இப்படிப்பட்டவர்கள் நம்மிடையே பலர் உண்டு அல்லவா?

“டயாபர் அணிந்துகொள்ளுங்கள்” என்றால், “பச்சைக் குழந்தை கட்டுவதை நான் கட்டுவதா?” என்று கோபம் வருகிறது. அந்தப் பொருளின் வரலாற்றை நாம் சற்றுத் திரும்பிப் பார்த்தால், கோபம் தணியக்கூடும்.

முன்பு நமக்குத் தெரிந்ததெல்லாம் பழைய வேட்டியையும் சேலையையும் கிழித்த துணிதான். விடியற்காலைப் பெரட்டுக்கு ஓடுமுன் அதை அலசிக் காயப்போட்ட தாய்மாரின் சிரமம் நாம் அறியாததா? மழைக்காலத்தில் துணி காயாது. ஈரத் துணி தோலைப் புண்ணாக்கும். இந்தச் சிரமம் உலகெங்கும் இருந்தது.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சுவீடனில் பருத்திக்குத் தட்டுப்பாடு வந்தது. அங்கே மரக்கூழினால் உறிஞ்சும் பட்டைகளைச் செய்தார்கள். 1946ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மேரியன் டோனவன் என்ற தாய், குளியலறைத் திரைச்சீலையை வெட்டித் தைத்து, ஈரம் வெளியே கசியாத மேலுறை ஒன்றைச் செய்தார். 1949இல் அது கடைக்கு வந்தது. பிறகு, ஒருமுறை அணிந்து எறியும் காகித டயாபரையும் செய்யலாம் என்றார். ஆலை முதலாளிகள் அதை ஏற்கவில்லை. ஆயினும் 1961இல் அத்தகைய டயாபர் ‘பேம்பர்ஸ்’ என்ற பெயரில் பியோரியா என்ற அமெரிக்க நகரில் முதன்முதலாக விற்றுப் பார்க்கப்பட்டது.

அதே 1961ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் இன்னொன்றும் நடந்தது. விண்வெளிக்குச் சென்ற முதல் அமெரிக்கரான ஆலன் ஷெப்பர்ட் தம் கலத்தில் படுத்திருந்தார். பயணம் 15 நிமிடமே என்பதால் சிறுநீருக்கு எந்த ஏற்பாடும் செய்யவில்லை. புறப்பாடோ தாமதமாகி, அவர் நான்கு மணி நேரத்திற்கு மேல் கலத்திலேயே காத்திருக்க நேர்ந்தது. வேறு வழியின்றி அந்த வீரர் தம் உடையிலேயே சிறுநீர் கழித்தார். பின்னாளில் விண்வெளி வீரர்களுக்கென உறிஞ்சும் உள்ளாடை செய்யப்பட்டது. இன்றும் கலத்தைவிட்டு வெளியே மிதந்து வேலை செய்வோர் அதை அணிகிறார்கள். அவர்களை யாரேனும் குழந்தை என்பார்களா?

உழவும் இதற்கு உதவியது என்பது நமக்கு வியப்பளிக்கும். 1970களில், அதே பியோரியாவிலுள்ள அரசாங்க வேளாண் ஆய்வுக்கூடம், சோளமாவிலிருந்து நீரை மிகுதியாக உறிஞ்சும் பொருளொன்றை உண்டாக்கியது. மண்ணின் ஈரத்தைக் காக்கவும் விதை நன்கு முளைக்கவும் அது பயன்பட்டது. இவ்வகையைச் சேர்ந்த, ரசாயன முறையில் செய்த தூள் 1980களில் டயாபருக்குள் வந்தது. அது நீரைக் குழைவான கூழாக்கிப் பிடித்துக்கொள்கிறது. அதனால் டயாபர் மெலிந்தது. தோலில் படும் ஈரமும் குறைந்தது. பெரியவர்கள் புடவைக்கும் சாரத்துக்கும் உள்ளே, வெளியே தெரியாமல் அணிய வழி பிறந்தது.

முதியோர் பெருகியுள்ள ஜப்பானில், ஓஜி என்ற நிறுவனம் உள்நாட்டில் குழந்தை டயாபர் செய்வதை நிறுத்தி, பெரியவர்களுக்கானதில் கவனம் செலுத்தப்போவதாக 2024இல் அறிவித்தது.

இதன் விலை நம் குடும்பங்களுக்குச் சுமைதான். ஆகவே எந்நேரமும் அணிய வேண்டும் என்பதில்லை; இரவிலும் பயணத்திலும் மட்டும் அணிந்தாலும் பெரிய ஆறுதல். நனைந்ததை உடனே மாற்றி, தோலைக் கழுவி உலர்த்த வேண்டும். தண்ணீர் குடிப்பதைக் குறைக்கக் கூடாது. இந்தக் குறையைப் பல சமயம் சிகிச்சையால் குணப்படுத்தலாம் என்பதால் மருத்துவரிடமும் காட்ட வேண்டும்.

கண் மங்கினால் கண்ணாடி அணிகிறோம். கால் தளர்ந்தால் ஊன்றுகோல் பிடிக்கிறோம். இதுவும் அப்படிப்பட்ட துணைதான். நாம் சிரிக்காமல், ஊரறியப் பேசாமல், பாட்டியின் கையில் அதைப் பதமாகக் கொடுப்போம். அடுத்த திருவிழாவில் பாட்டியும் நம்மோடு தேர் பார்க்கட்டும்.