லயத்து வீடும் பதுளை நகரும்

நகரத்திலே தொழில் செய்து, நகருக்கு வெளியே குடியிருந்து, காலையிற் போய் மாலையில் மீளும் வாழ்வைப் புறநகர் வாழ்வு என்கிறோம். அது பெரும்பாலும் இருப்புப்பாதை பெற்றெடுத்த வாழ்வு. இலண்டன் மாநகரின் நெரிசலுக்குள் உழைத்தவர்கள், புகைவண்டி வந்த பின்னரே ஊருக்கு வெளியே வீடும் பூந்தோட்டமுமாக வாழத் தலைப்பட்டனர். சென்னையில் 1931ஆம் ஆண்டு கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார இரயில் ஓடத் தொடங்கிய பின், வழியிலிருந்த சிற்றூர்கள் எழுத்தர்களும் ஆசிரியர்களும் வாழும் குடியிருப்புக்களாக வளர்ந்தன. கொழும்புக்குத் தெற்கே வெள்ளவத்தையும் தெஹிவளையும் கரையோரப் பாதையால் ஓங்கியவையே. ஊவா மலைகளுக்கும் இருப்புப்பாதை வந்தது. ஆயினும் இங்கே அது புறநகரை உண்டாக்கவில்லை. உண்டாகாதிருப்பதற்கான ஏற்பாடுகளே இங்கு வலுவாக இருந்தன. அவை எவை, எங்ஙனம் தளர்ந்தன, தளர்ந்த பின்னும் எஞ்சி நிற்பது யாது என்பனவற்றை இன்று நேயர்களோடு சற்றே ஆராய விரும்புகின்றேன்.

மலைநாட்டு இருப்புப்பாதை 1867இல் கண்டியை அடைந்தது. 1885இல் நானுஓயாவுக்கும், 1893இல் அப்புத்தளைக்கும், 1894இல் பண்டாரவளைக்கும் வந்து சேர்ந்தது. அங்கிருந்து பதுளை மிகத் தொலைவிலில்லை. எனினும் அந்தச் சிறு தொலைவைக் கடக்க முப்பது ஆண்டுகள் ஆயின. தெமோதரையில் பாதை தன்னையே சுற்றி வளைந்து, நிலையத்துக்கு அடியிலே புகுந்து செல்கின்றது. எல்லைக்கும் தெமோதரைக்கும் இடையே ஒன்பது வளைவுப் பாலம் கல்லாலே எழுந்தது. 1924 ஏப்ரல் 5ஆம் நாள் பதுளைக்கு முதல் வண்டி வந்தது. இன்று அப்பாலத்தின் மீது நின்று படம்பிடிப்போர் எத்தனையோ பேர். அது எதைச் சுமப்பதற்காகக் கட்டப்பட்டது என்று கேட்போர் சிலரே. கீழே போக வேண்டியது தேயிலைப் பெட்டி. மேலே வர வேண்டியவை அரிசியும் உரமும் ஆட்களும். தேயிலையை நாள்தோறும் இறக்கிய கோச்சி, அதைக் கிள்ளியவர்களை நாள்தோறும் ஏற்றிச் செல்வதற்காக வந்ததன்று.

ஏனெனில் தோட்டத்து ஆளுக்குப் பயணம் தேவையில்லை என்பதே லயத்தின் அடிப்படை. வேலைக்கும் வீட்டுக்கும் இடையே தொலைவே இருத்தலாகாது. விடியுமுன் தப்பு முழங்கும். பிரட்டுக் களத்தில் ஆள் நிற்க வேண்டும். கணக்கப்பிள்ளை பெயர் பதிவார். ஒரு நாள் உழைப்புக்கே தோட்டத்தில் 'பேர்' என்று பெயர். நாள் முழுதும் உழைத்தவருக்கு ஒரு பேர். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். மனிதனின் பெயரும் அவன் கூலியும் ஒரே சொல்லாகிவிட்ட இடம் வேறெங்கும் உண்டோ, நான் அறியேன். அப்பேர் இருக்கும்வரைதான் காம்பராவும் இருக்கும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவுள்ள ஓர் அறை, அதன் முன்னே ஓர் இஸ்தோப்பு. இவற்றை வரிசையாக ஒட்டிக் கட்டியதே லயம். சிலவிடங்களில் முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயங்களும் உண்டு. வாடகை இல்லை என்று தோட்டத் துரைமார் பெருமையாகக் கூறுவர். உண்மைதான்; வாடகை இல்லாத வீட்டுக்கு வாடகைக்காரனுக்குரிய உரிமையும் இல்லை. பற்றுச்சீட்டுக் கிடைத்த அன்றே அடுப்பும் பாயும் வெளியே வரவேண்டும். போதாக்குறைக்குப் பெரிய கங்காணியின் கடன் ஒன்று இருந்தது. ஆளின் கடனைக் குறித்த துண்டோடுதான் ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு அவன் நகரமுடியும். அந்தத் துண்டு முறையை 1921இல் சட்டம் ஒழித்தது. பதுளைக்கு வண்டி வருவதற்கு மூன்றே ஆண்டுகள் முன்னர்.

பதுளை நகரைத் தோட்டத்து மக்கள் அறியாமலில்லை. ஸ்பிரிங்வெலி, சார்ணியா, தெல்பத்தை முதலிய தோட்டங்களிலிருந்து சம்பளத்தை அடுத்த ஞாயிறன்று கூட்டங்கூட்டமாக இறங்குவர். கடைவீதியில் சேலையும் கருவாடும் வாங்கி, கோவிலைக் கும்பிட்டு, வசதியுள்ளோர் படமும் பார்த்து மீள்வர். நகரம் அவர்களுக்குச் சந்தையாயிருந்தது, தொழிலிடமாகவில்லை. ஆகாதவாறு சட்டமும் பார்த்துக்கொண்டது. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் எஸ். எம். சுப்பையா பதுளைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றார். அடுத்த ஆண்டே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவரைத் தேர்ந்தனுப்பிய தோட்டத்து மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. பிரசையல்லாதவருக்கு அரசாங்க உத்தியோகமில்லை. அரசாங்கம் பகிர்ந்தளிக்கும் காணியுமில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞன் மலையிறங்கிப் போனாலும் அங்கே அவனுக்காகத் திறந்திருந்த கதவுகள் மிகச் சில.

1964இல் சிறிமாவோ - சாஸ்திரி உடன்படிக்கை ஏற்பட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மக்கள் பங்கிடப்பட்டனர்; எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். அப்பொழுதுதான் கோச்சி உண்மையிலே தோட்டத்து மக்களுக்காக ஓடிற்று. தலைமன்னாரை நோக்கிப் புறப்பட்ட அந்த வண்டிக்கு மலையக மக்கள் அழுகைக் கோச்சி என்று பெயரிட்டார்கள். அதிற் சென்றவர்கள் மாலையில் மீளவில்லை.

நாள்தோறும் நகருக்குப் போய் மீளும் வாழ்வைத் தோட்டத்தில் முதன்முதலிற் பரவலாகத் தொடங்கியோர் யார்? மாணவர்களே என்பது என் துணிபு. தோட்டப் பாடசாலை பெரும்பாலும் ஐந்தாம் வகுப்போடு நின்றது. 1945இல் இலவசக் கல்வி வந்தபோதும் அதன் பயன் தோட்டங்களை முழுமையாக எட்டவில்லை. 1977 முதற்கொண்டு அப்பாடசாலைகளை அரசாங்கம் படிப்படியாகப் பொறுப்பேற்றது. மேலே படிக்க விரும்பிய பிள்ளை பசறைக்கோ பண்டாரவளைக்கோ பதுளைக்கோ போகவேண்டும். என் ஆசிரியப் பணியிலே ஆண்டுதோறும் நான் கண்ட காட்சி ஒன்றுண்டு: தோட்டத்துப் பிள்ளைகள் சப்பாத்தைப் பையிலே வைத்துக்கொண்டு வெறுங்காலோடு வருவார்கள், பாடசாலைக் குழாயடியில் சேற்றைக் கழுவிய பின்னரே அதை அணிவார்கள். தார் வீதியில் வந்து இறங்கும் நகரத்துப் பிள்ளைக்கு அந்தக் கால்மணி நேரக் கணக்குத் தெரியாது. பிந்தி வருவோரைத் தண்டிக்கும் விதியை வகுக்கும் அதிபர்கள் ஒருமுறையேனும் அந்த ஒற்றையடிப் பாதையில் நடந்து பார்ப்பது நன்று.

பிள்ளைகள் போன வழியிலே பின்னர் பெரியோரும் போயினர். இடையிலே 1983 ஜூலையில் பதுளை நகரில் தமிழர் கடைகள் எரிந்தன; நகரத்தை நம்பி இறங்கியவர்களுக்கு மாலைப் பேருந்துக்குக் காத்து நிற்பதே அச்சமாயிற்று. அதன் பின் 1988ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டுச் சட்டமும் நாடற்றோர் சிக்கலைத் தீர்த்தன. 1970களில் அரசுடைமையான தோட்டங்களின் நிருவாகம் 1992இல் கம்பனிகளின் கைக்குச் சென்றது. நாட்கூலியை 1,000 ரூபாயாக்குவதற்கு 2021 வரை போராட வேண்டியிருந்தது. இளைஞர் கடைச் சிப்பந்திகளாகவும், கொத்தனார்களாகவும், முச்சக்கரவண்டி ஓட்டுநர்களாகவும், ஆசிரியர்களாகவும், தையல் தொழிற்சாலைப் பெண்களாகவும் மாறினார்கள். தோட்டத்து இளைஞர் உடல் வளைந்து உழைக்க நாணுகின்றனர் என்று சிலர் குறைகூறுவர். சீமெந்து மூட்டை சுமப்பவனைப் பார்த்து இதைச் சொல்வது எங்ஙனம் பொருந்தும்? அவன் நாணுவது உழைப்புக்கன்று, அரைப்பேருக்கு.

இப்பொழுது ஒரு தோட்டத்தின் விடியற்காலையைப் பாருங்கள். பிரட்டுக்குச் செல்லும் தாய் ஒரு திசையிலும், பேருந்துக்குச் செல்லும் மகன் எதிர்த் திசையிலுமாக ஒரே இஸ்தோப்பிலிருந்து இறங்குகிறார்கள். மகனுக்கு நகரில் வாடகை கொடுத்துக் குடியிருக்க வருவாய் போதாது. லயத்தில் இருக்கலாம்; ஆனால் வீட்டில் ஒருவருடைய பேராவது தோட்டப் பதிவிலே இருந்தால்தான் மனம் நிம்மதியாயிருக்கும். ஆகவே முழங்கால் வலியோடு தாய் மலையேறுகிறாள். அவள் கிள்ளுகின்ற கொழுந்துக்குக் கம்பனி கொடுப்பது கூலி. அவள் குடும்பத்துக்கு அதனோடு கிடைப்பது கூரை. நகரத்துக் கடையொன்றின் மலிவான சம்பளத்தை மறைவாகத் தாங்கி நிற்பது அந்தத் தாயின் கூடைதான். இந்தக் கணக்கை எந்தப் பேரேட்டிலும் நான் கண்டதில்லை. தாய் ஓய்வு பெற்ற பின் அக்காம்பரா யாருடையது என்ற கேள்வி, பல வீடுகளில் இரவிலே மெதுவாகப் பேசப்படும் கேள்வி.

மற்றெந்தப் புறநகருக்கும் உள்ள வீதி, விளக்கு, குப்பைவண்டி ஆகியன இங்கு வரத் தாமதித்தமைக்கும் காரணமுண்டு. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புக்களில் செலவிடத் தடையாயிருந்தது. தோட்டத்து மக்கள் வாக்களித்துத் தெரிந்த உறுப்பினரே தம் லயத்துப் பாதைக்குக் கல் போட முடியாதிருந்த விந்தையை 2018ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கியது. 2014 அக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிய பின்னர்த் தனி வீடு, 7 பேர்ச்சஸ் காணி, உறுதிப்பத்திரம் என்னும் பேச்சு வலுத்தது. இந்திய உதவியால் மத்திய, ஊவா மாகாணத் தோட்டங்களில் 4,000 வீடுகள் கட்டும் திட்டம் நடந்தது. 2017இல் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. வீடு பெற்றவர் உண்டு. அவர்களைக் காட்டிலும் இன்னும் லயத்திலிருந்தே பேருந்துக்கு இறங்குவோர் மிகப் பலர்.

உயர்தரம் முடித்த மாணவர்கள் வேலை விண்ணப்பங்களை என்னிடம் கொண்டுவந்து காட்டுவதுண்டு. முகவரி எழுதவேண்டிய இடத்தில் பேனா நின்றுவிடும். தோட்டத்தின் பெயர், பிரிவு என எழுதினால் ஒரு பிரிவிலுள்ள அத்தனை குடும்பங்களுக்கும் அதுவே முகவரி. கடிதம் தோட்ட அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து யார் கையிலாவது வந்து சேரவேண்டும். நேர்முகத் தேர்வு முடிந்த பின் அழைப்புக் கிடைத்தவர்களும் உண்டு. தோட்டத்தின் பெயரைக் கண்டாலே முகஞ்சுளிக்கும் முதலாளிகளும் நகரில் இல்லாமலில்லை. ஆதலால் சிலர் தோட்டத்தின் பெயரை விட்டுவிட்டு, நகரிலுள்ள ஒரு கடையின் இலக்கத்தையும் வீதியையும் எழுதி, அதன் கீழே பதுளை என்று முடிக்கிறார்கள்.